ஒன்பதாம் நம்பர்

"கோப்பை குடுக்கறவங்க வீட்டு ஆளும், போட்டி நடத்தறவங்க வீட்டு ஆளும் மேடை ஏறக் கூடாது. சம்மதம்னா நடத்தறேன் மாமா. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

சரோஜம்மாள் இப்படி நறுக்கென்று சொன்னதும், காவேரிப்பட்டினத்தில் எதிர்த்துப் பேச ஆளில்லாத, கோப்பை கொடுக்கும் அவள் மாமனார் சின்னராஜ் தலையை ஆட்டியதும் போன வாரம் நாம் பார்த்ததுதான். அவர் ஏன் ஆட்டினார் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மருமகள் அவ்வளவு கெட்டிக்காரி, அதை மட்டும் கோட்டை விட்டாள்.

போன வருஷத்துப் பேச்சுப் போட்டி அவள் மனசில் ஆறாத புண்ணாக இருந்தது. அரிசி மண்டிக்காரர் மகன் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தான். நடுவில் மறந்து போய்க் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் அவன் அப்பனையே பார்த்தான். வெள்ளிக் கோப்பை அவனுக்கு! மாந்தோப்புக் கூலிக்காரர் மகள் முனிலட்சுமி பேசியபோது கூட்டம் மூச்சு விடவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரு சோப்பு டப்பா. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் சரோஜா. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் பேர் கொடுத்த எட்டுப் பிள்ளைகளையும் நிற்க வைத்து அவள் சொன்னாள்: "இந்தத் தடவை யாரும் முன்கூட்டியே ஜெயிச்சிருக்க மாட்டாங்க. அது என் பொறுப்பு."

அந்த விதி முதலில் யார் தலையில் விழுந்தது தெரியுமா? அவளுடைய சொந்த நாத்தனார் தலையில்! வெள்ளையம்மாவுக்குப் பதினேழு வயசு. தாயில்லாப் பெண். தொழுவத்து மாடுகளை எதிரே நிறுத்திக்கொண்டு பேசிப் பழகினவள். "உன் அண்ணி போட்ட சட்டம், அவளையே கேளு" என்று சின்னராஜ் மீசையைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அண்ணியால் என்ன சொல்ல முடியும்? விதி விதிதான் கண்ணு என்றாள். வெள்ளையம்மா நாலு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போட்டி நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அன்று விடிந்ததும் விடியாததுமாக வீட்டில் தாம்பூலம்!

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் திம்மராயன், தன் மகன் கோவிந்தப்பனோடு போட்டி பார்க்க முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார். பெண் பேசி ஆறு மாசமாக இழுத்துக்கொண்டிருந்த சம்பந்தம். "வந்தது வந்துட்டீங்க, காலையில நேரம் நல்லாருக்குது. வெத்தலை பாக்கை மாத்திட்டே போயிடலாம்" என்றார் சின்னராஜ். வெள்ளையம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பச்சைப் புடவை கட்டிக்கொள் என்று மட்டும் சொன்னார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் தட்டு மாறியது. சின்னராஜ் வழக்கப்படி உரக்கச் சொன்னார்: "இன்னையிலிருந்து என் பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. உங்க பையன் எங்க வீட்டுப் பையன்."

"ஆவட்டும்" என்றார் திம்மராயன்.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சின்னராஜ் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே மருமகளைக் கூப்பிட்டார்.

"சரோஜா, கோவிந்தப்பன் பேரையும் போட்டியில சேத்துக்க. கடைசியா பேசட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "இப்பத்தானே மாமா உங்க வாயால எங்க வீட்டுப் பையன்னு சொன்னீங்க?"

"அது சம்பிரதாயத்துக்குச் சொல்றது. தாலி ஏறினாத்தான் மாப்பிள்ளை. இப்ப அவன் ராயக்கோட்டை ஆளு. உன் விதிக்கு ஒரு குறையும் வராது."

கதவோரம் நின்ற வெள்ளையம்மா முன்னால் வந்தாள். "நைனா, நான் அவங்க வீட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்களே. அப்ப நானும் பேசலாமில்ல?"

"நீ எப்பவும் என் பொண்ணு. உள்ளே போ!"

பாருங்கள் அநியாயத்தை! ஒரே தட்டு, ஒரே வெற்றிலை. ஆணுக்கு அது செல்லாது, பெண்ணுக்கும் செல்லாது, ஆனால் இரண்டிலும் லாபம் அவருக்கு. சரோஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோப்பை இங்கிருந்து புறப்பட்டு, மேடையில் மாப்பிள்ளை கைக்குப் போய், கல்யாணப் பந்தலில் ஊர் பார்க்க உட்காரும். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. முனிலட்சுமிக்கு இன்னொரு சோப்பு டப்பா!

கணவன் வெங்கடப்பன் அவளைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனான். நல்ல மனிதன்தான். அப்பா முன்னால் நின்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"விட்டுடு சரோஜா. சம்பந்தி எதிர்ல அப்பாவுக்கு அவமானம் வேணாம். ஒரு நாள் கூத்துதானே?"

"உங்களுக்கு ஒரு நாள் கூத்துங்க. அந்தப் பிள்ளைங்க ஆறு மாசமா தொண்டை வத்தப் பேசிப் பழகியிருக்குதுங்க. அதுங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

அவள் விடுவிடுவென்று கூடத்துக்குத் திரும்பினாள்.

"சரி மாமா. தாலி கட்டினாத்தான் மாப்பிள்ளைன்னு நீங்க சொன்னதை நம்பறேன். ஆனா மத்தவங்க மாதிரியே நம்பராத்தான் வரணும். பேரு ஊரு எதுவும் மேடையில சொல்லக் கூடாது. சீட்டு எடுத்துத்தான் பேசணும்."

"ஆவட்டும், ஆவட்டும்" என்று சிரித்தார் சின்னராஜ். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

போட்டிக்குப் போகிற வழியில் நடுவர்களை அழைத்துவரப் பயணிகள் பங்களாவுக்குப் போனால், அங்கே வாசலில் ஒரு கூடை மல்கோவா! "உங்க மாமா குடுத்தனுப்பினாருங்க" என்றான் காவல்காரன். வெளியூர் ஆட்களாகத் தேடிப் பிடித்து, வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று தனியாகத் தங்கவைத்தால், மாம்பழம் பின்னாலேயே வருகிறது! கூடையை அப்படியே திருப்பி அனுப்பினாள். நடுவர்களில் சேலத்துத் தமிழ்ப் பண்டிதர் மட்டும் அது போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

போட்டி நடந்த இடம் டூரிங் டாக்கீஸ் கொட்டகை. மேனேஜர் கங்கப்பன் பகல் முழுக்க விட்டுக் கொடுத்திருந்தார். இடம் பார்க்கப் போன அன்று அந்த வெள்ளைத் திரையைக் கண்டதும்தான் சரோஜாவுக்கு யோசனை பிறந்தது. நடுவர்கள் மூன்று பேரும் திரைக்குப் பின்னால், ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்க முடியாதபடி தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். பேசுகிறவர் திரைக்கு முன்னால். நல்ல சட்டை, கிழிந்த சட்டை, யார் மகன், எந்தத் தெரு, ஒன்றும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. காதுக்கு வருவது குரலும் கருத்தும் மட்டும். தலைப்புகளையும் நடுவர்களே எழுதி ஒட்டிக் கொண்டுவந்து, காலையில்தான் பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். சரோஜாவுக்கே அவை என்னவென்று தெரியாது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் சீட்டு எடுத்துக்கொண்டு டிக்கெட் அறைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கலாம். முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணிக்கு நிறுத்த வேண்டும். மணி சரோஜாவின் கையில்.

கூட்டம் நெரிந்தது. மணல் தரையில் ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். நாற்காலி வரிசையில் சின்னராஜ், திம்மராயன், வெள்ளை ஜிப்பாவில் வியர்த்துக் கொட்டும் கோவிந்தப்பன். மேடை மேஜையில் வெள்ளிக் கோப்பை.

சும்மா சொல்லக் கூடாது, போட்டி அவ்வளவு ஒழுங்காக நடந்தது. ஒருவன் 'கிணறு' என்ற தலைப்பில் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். இன்னொருத்தி பாதியில் திணறி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டாள். முனிலட்சுமி ஆறாவது. அவளுக்கு வந்த சீட்டு 'வரிசை'.

"ரேஷன் காலத்துல நானும் எங்கம்மாவும் வரிசையில நின்னோம். எங்க முறை வர்றப்போ சர்க்கரை தீந்து போச்சுன்னாங்க. பின்பக்க வாசல்ல ஒரு மூட்டை போனதை நான் பார்த்தேன். வரிசைன்னா ஏழைங்க நிக்கற இடம்னு அன்னைக்கு நினைச்சேன். அது தப்பு. எல்லாரும் நின்னாத்தான் அதுக்கு வரிசைன்னு பேரு."

கைதட்டல் கொட்டகைக் கூரையைத் தூக்கியது. சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் தட்டியிருப்பாள், கையில் மணி இருந்ததால் தட்டவில்லை.

எட்டுப் பேரும் பேசி முடித்தார்கள். கோவிந்தப்பன் எழுந்தான். அவன் சீட்டு எடுக்க டப்பாவில் கைவிடுவதற்குள், சின்னராஜ் விறுவிறுவென்று மேடை ஏறினார்.

அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்துப் பேசினார் என்று நினைக்காதீர்கள். முகம் கூட்டத்தின் பக்கம், குரல் மட்டும் திரையின் பக்கம்!

"மகா ஜனங்களே! கடைசியா பேசப் போற ஒன்பதாம் நம்பர் யாருன்னா, ராயக்கோட்டை திம்மராயன் அவர்கள் புதல்வர். இன்னைக்குக் காலையிலதான் தாம்பூலம் மாத்தியிருக்கோம். கோப்பை வழங்கும் இந்தச் சின்னராஜோட வீட்டு மாப்பிள்ளை! அவர் பேச்சை அனைவரும், அனைவரும்..."

அந்த இரண்டாவது 'அனைவரும்' திரைக்குள்ளே போய் விழட்டும் என்று அழுத்திச் சொன்னார்.

சரோஜா மணியை அடித்தாள்.

ஒரு அடி அடித்தால் எச்சரிக்கை. அவள் இரண்டு அடித்தாள். கொட்டகை கப்சிப்பென்று அடங்கியது.

"மன்னிக்கணும் மாமா. ஒன்பதாம் நம்பர் பேச முடியாது."

"என்னாது?"

"தாலி கட்டினாத்தான் மாப்பிள்ளைன்னு காலையில சொன்னீங்க. நம்பினேன். இப்ப இத்தனை பேர் எதிர்ல எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கோப்பை குடுக்கற வீட்டு ஆளு மேடை ஏறக் கூடாது. நீங்க ஒத்துக்கிட்ட விதி."

"மருமக பேசற பேச்சா இது?"

"மருமக பேசலைங்க மாமா. மணி அடிக்கறவ பேசறா."

ஆண்கள் பக்கம் யாரோ விசில் அடித்தான். சின்னராஜின் முகம் கறுத்தது. தான் செய்தது தப்பு என்று ஒரு நொடியாவது அவருக்குத் தோன்றியிருக்குமா? தோன்றவில்லை. தப்பைச் சுட்டிக்காட்டியதுதான் தப்பாகத் தோன்றியது. பெரிய மனிதர்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு.

"என் கோப்பைக்கு நீ யாருடி விதி போட?" என்று மேஜையிலிருந்த வெள்ளிக் கோப்பையை வாரி எடுத்துக்கொண்டார். "இந்தப் போட்டிக்கும் என் வீட்டுக்கும் இனிமே ஒரு சம்பந்தமும் இல்லை. கோப்பையும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெங்கடப்பா, வண்டியைப் பூட்டச் சொல்லு!"

கூட்டம் விலகி வழிவிட்டது. கோப்பையைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு அவர் வெளியே போனார். வெங்கடப்பன் அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பா பின்னாலேயே ஓடினான். கோவிந்தப்பன் மேடையோரம் நின்று சரோஜாவிடம் மெல்லச் சொன்னான்: "எனக்கு வேணாம்னு நான் அப்பவே சொன்னேனுங்க." பாவம், அவன் முகத்தில் நிம்மதிதான் இருந்தது.

சரோஜா எட்டுப் பிள்ளைகளையும் பார்த்தாள். "கோப்பை போயிடுச்சு. மார்க்கு போகலை. திரைக்குப் பின்னால கூட்டிக்கிட்டிருக்காங்க. முதல் பரிசு யாருக்கோ அவங்களுக்கு என் கையால..."

"அண்ணி!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். வெள்ளையம்மா எழுந்து நின்றாள். காலையில் கட்டிய அதே பச்சைப் புடவை.

"நைனா கோப்பையை எடுத்துக்கிட்டாரு. எங்க வீட்டுக்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லைன்னு அவரே சொல்லிட்டாரு. காலையில என்னை இன்னொரு வீட்டுக்கும் குடுத்துட்டாரு. இப்பவாவது நான் பேசலாமா?"

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. சரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசையாக இருந்தது, வா என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சொன்னால் அவளுக்கும் மாமனாருக்கும் என்ன வித்தியாசம்? வேண்டியவர்களுக்கு ஒரு நியாயம் என்றால் யார் செய்தாலும் அது பின்பக்க வாசல்தானே!

"கோப்பை போனாலும் நான் இருக்கேனே கண்ணு. போட்டி நடத்தறவ வீட்டு ஆளும் ஏறக் கூடாது. அதுவும் விதி."

வெள்ளையம்மாவின் முகம் விழுந்தது. அவள் உட்காரப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு சரோஜாவால் நிற்க முடியவில்லை.

"இரு" என்றாள். எட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்தாள். "நான் விலகிக்கறேன். மணி கங்கப்பன் அண்ணன் கையில இருக்கட்டும். பரிசு விஷயத்துல என் பேச்சு இருக்காது. தலைப்பு எனக்கே தெரியாது. ஆனா உங்கள்ல ஒருத்தர் வேணாம்னாலும் இவ பேச மாட்டா. மனசுல பட்டதைச் சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாயைத் திறந்தது முனிலட்சுமி.

"பேசட்டுங்க டீச்சர். அதுவும் வரிசையில கடைசியாத்தானே நிக்குது?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பண்டிதர் கனைத்தார். "அம்மா, யார் எவர் என்பது எங்களுக்குத் தேவையில்லை. ஒன்பதாம் நம்பர் சீட்டு எடுக்கலாம். நேரமாகிறது."

சரோஜா மணியைக் கங்கப்பனிடம் கொடுத்தாள். மேடையிலிருந்து இறங்கி, பெண்களோடு மணலில் உட்கார்ந்தாள். வெள்ளையம்மா டப்பாவில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து, கங்கப்பனிடம் காட்டிவிட்டு டிக்கெட் அறைக்குள் போனாள். தலைப்பைக் கங்கப்பன் உரக்கப் படித்தார்: "மாம்பழம்!"

எல்லாரும் சிரித்தார்கள். மாம்பழத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சரோஜாவின் எதிரே ஒரு நிழல் விழுந்தது. திம்மராயன். அவருக்கு வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். முதலில் கன்னடத்தில் ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் தமிழுக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, சினிமாக் கொட்டகையில நாலு பேர் எதிர்ல நிக்கறதா?"

தோள் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்தார். காலையில் சின்னராஜ் கொடுத்த தேங்காய், வெற்றிலை, பாக்கு. அதைச் சரோஜாவின் மடியில் வைத்தார்.

"அவ மேடையில வாயைத் திறந்தா இதை உங்க மாமன்கிட்ட குடுத்துடும்மா. திறக்கலேன்னா நானே திரும்ப வாங்கிக்கறேன்."

அடப்பாவி மனுஷா! கொடுத்த தாம்பூலம் திரும்பி வந்தால் அந்தப் பெண்ணை ஊர் என்ன பேசும் என்று தெரிந்துதானே இந்த மிரட்டல்? தன் மகன் இதே மேடையில் ஏறப் போனபோது கோப்பைக்காகப் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் இவர்!

"டேய் கோவிந்தப்பா, வாடா!" என்றார் திம்மராயன். கோவிந்தப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குனிந்த தலையும் நிமிரவில்லை.

வெளியே வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் கேட்டது. சின்னராஜின் வண்டி இன்னும் புறப்படவில்லை, சத்தம் நின்ற இடத்திலேயே கேட்டது.

டிக்கெட் அறைக் கதவு திறந்தது. வெள்ளையம்மா மேடை ஏறினாள். திரை முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தாள், அண்ணியைத் தேடினாள். அவள் மடியிலிருந்த மஞ்சள் மூட்டையைக் கண்டாள். காலையில் தன் கையாலேயே முடிச்சுப் போட்டுக் கொடுத்த மூட்டை, அவளுக்குத் தெரியாதா? பக்கத்தில் கைகட்டி நிற்கும் திம்மராயனையும் பார்த்தாள். ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கங்கப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் ஓடியது. வெள்ளையம்மாவின் உதடு அசையவில்லை. பேசாதே என்று ஒரு தலையசைப்பு போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். கல்யாணம் நடக்கும், மாமனார் கோபம் ஆறும். சரோஜாவின் கழுத்து வரைக்கும் அந்தத் தலையசைப்பு வந்துவிட்டது.

அவள் தலையை அசைக்கவில்லை. மடியிலிருந்த மூட்டையை எடுத்துப் பக்கத்தில் மணலில் வைத்தாள்.

"அவையோருக்கு வணக்கம்" என்றாள் வெள்ளையம்மா.

"எனக்கு வந்த தலைப்பு மாம்பழம். எங்க ஊர்ல மாமரம் பூ விடறப்பவே வியாபாரி வந்து விலை பேசிடுவாரு. தோப்புக்காரரும் வியாபாரியும் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுப் பேசி முடிச்சுடுவாங்க. மரத்துல அப்போ ஒரு பிஞ்சுகூட இருக்காது. நாளைக்கு அது புளிக்குமா, இனிக்குமான்னு வித்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. அந்தப் பூவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்லை."